நாற்பது குடையும் ஒரு முகமும்

பிப்ரவரி 6

உஷ் அவர்களுக்கு,

நேற்று உபகரண அறையில் நடந்ததற்கு மேடம் கொடுத்த தண்டனையை நானும் என் காதால் கேட்டேன். "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாயத் திறக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் தாள்ல எழுதுங்க, தேதி போடுங்க, படிச்சதும் கோப்புல வையுங்க. திட்டக் கோப்புக்கு இருபத்தஞ்சு மார்க், ஞாபகம் இருக்கட்டும்." வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் படமெடுக்கப் பாட்டே கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேமரா நிறுத்தும் ட்ரைபாட்டின் கால் உடைந்தது என்னால் அல்ல என்பதை முதலில் பதிவு செய்கிறேன். நீ ஒரு பக்கம் இழுத்தாய், நான் ஒரு பக்கம் இழுத்தேன். நான் இழுத்தது சரியான பக்கம்.

இனி வேலைக்கு வருவோம். நம் மியூசிக் வீடியோவுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. மொட்டைமாடி. வெள்ளை வானம். வரிசையாக நாற்பது வெள்ளைக் குடைகள். அவற்றுக்கு நடுவே வெள்ளை உடையில் ஒரு பெண் மிக மிக மெதுவாக நடந்து வருகிறாள். உதடு பாடுகிறது, கண் பாடவில்லை. கடைசிச் சரணத்தில் எல்லாக் குடைகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொள்கின்றன. ஏன் என்று கேட்காதே. ஏன் என்று கேட்காதவர்களுக்காகத்தான் எடுக்கிறேன்.

அந்தப் பெண்ணாக என் அத்தை மகள் நடிப்பாள். அவளுக்குக் கழுத்து நீளம். கேமராவுக்குக் கழுத்து பிடிக்கும்.

பாட்டு உன் சித்தி பாடியது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாவின் குரலை நீ பதிவு செய்து வகுப்பில் ஓடவிட்டபோது நானும் வாயடைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். மறுக்கவில்லை. ஆனால் பாடியவரே திரையிலும் வர வேண்டும் என்று நேற்று ஒற்றைக் காலில் நின்றாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சமைத்தவரைத் தூக்கித் தட்டில் வைப்பார்களா? குரல் இருக்கட்டும். முகம் வேண்டாம்.

யார் மூச்சுவிட்டாலும் "உஷ்" என்று அதட்டுவதால் உனக்கு வகுப்பு இந்தப் பெயரை வைத்தது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் நீயே அதைக் கடைப்பிடித்துச் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும்.

கோப்புக்காக மட்டும்,
நாலுவிரல்


பிப்ரவரி 7

குடைப்படைத் தளபதிக்கு,

நாற்பது குடை எங்கிருந்து வரும்? உன்னிடம் இருப்பது ஒன்று. அதிலும் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு போன மாதம் பேருந்தில் என் கண்ணைப் பதம் பார்த்தது. நாற்பது குடையையும் ஒரே சமயத்தில் மூட நாற்பது பேர் வேண்டும். நம் வகுப்பில் இருப்பதே பதினெட்டுப் பேர். அதில் உன்னோடு பேசுகிறவர்கள் மூன்று பேர். நேற்று முன்தினத்திலிருந்து இரண்டு பேர்.

இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கட்டம் கட்டிக்கொண்டு நீ வராந்தாவில் அலைவதைப் பார்த்து வகுப்பு உனக்குப் பெயர் வைத்தது. அது கேலி. நீ அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்தாகவே போடுகிறாய். உன்னை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை.

பாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மருத்துவமனையின் அடித்தளத்தில் ஒரு நீளமான அறை. ஆளை விட அகலமான இஸ்திரி உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஈரமான படுக்கை விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சூடாக, தட்டையாக வெளியே வரும். கொடுக்கிறவர் ஒருவர், வாங்கி மடிக்கிறவர் ஒருவர். சித்தி பன்னிரண்டு வருடமாக மடிக்கிறாள். அந்த உருளை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டொக்' என்று தட்டும். பாட்டுக்குத் தாளம் அதுதான். வார்த்தையும் அவளுடையதுதான்.

வெள்ளை வெள்ளையா விரிச்சு வெச்சேன்
யாரு வந்து படுப்பாங்களோ
மடிச்சு வெச்ச மடிப்புக்குள்ள
யாரு மூச்சு கெடக்குதோ

இதை வைத்துக்கொண்டு நீ மொட்டைமாடியில் குடை பிடிக்கப் போகிறாய். உன் அத்தை மகள் ஒரு விரிப்பையாவது ஒழுங்காக மடித்திருக்கிறாளா என்று கேட்டுச் சொல்.

அனுமதிப் படிவத்தில் சித்தி கையெழுத்துப் போட்டாயிற்று. அதற்குக் கீழே நான் எழுதியிருக்கும் வரியையும் படி: பாடியவர் முகம் இல்லாமல் பாட்டு இல்லை. மேடமும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாத முடிவுக்குள் எடுத்தாக வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எல்லோரும் படிக்கும் கோப்பில் அதை எழுத மாட்டேன். எழுதினால் உனக்குப் பரிதாபம் வரும். உன் திட்டத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், உன் பரிதாபத்தை என்னால் தாங்க முடியாது.

வேறு வழியில்லாமல் உன்னோடு ஜோடி போடப்பட்ட,
உஷ்


பிப்ரவரி 9

உஷ் அவர்களுக்கு,

நேற்று அந்தச் சலவைக்கூடத்தைப் போய்ப் பார்த்தேன். உனக்காக அல்ல. இடம் பார்த்த குறிப்பு இல்லாவிட்டால் கோப்பில் ஐந்து மார்க் போய்விடும்.

முதலில் விளக்கு. அந்தக் குழல்விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரிதான் தெரிவார். சுவர் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அந்த நிறத்துக்குப் பெயர் வைக்காமலேயே கடைக்காரர் விற்றிருக்க வேண்டும். தரையில் ஒரே ஈரம், கேமராப் பையை வைக்க இடமில்லை. மேற்பார்வையாளர் ஒரு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே பேசினார். "ஞாயித்துக்கிழமை மெஷின் ஓடாது. பத்து மணிலேருந்து ஒரு மணி வரைக்கும் எடுத்துக்குங்க. ஆனா மேல நோயாளிங்க இருக்காங்க, பாட்டுச் சத்தம் ஒரு பொட்டுகூட மேல கேக்கக் கூடாது." பாட்டு எடுக்க வந்தவனிடம் பாட்டே கேட்கக் கூடாது என்கிறார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த அம்மாவையும் பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான் அந்தக் குடைக்காரத் தம்பியா? வா, வா. நாப்பது குடைய எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். சுற்றி இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். நம் கடிதங்களை வீட்டில் வாசித்துக் காட்டுகிறாய் என்று தெரிந்துகொண்டேன். மிக்க நன்றி.

அங்கே ஒன்றே ஒன்றுதான் பார்க்கும்படி இருந்தது. அவர் விரிப்பை உதறும்போது அது ஒரு நொடி காற்றில் நிற்கிறது. சாதாரண வேகத்தில் எடுத்தால் அது வெறும் வேலை. மெதுவாக்கினால் அதுதான் படம். ஆகவே இறங்கி வருகிறேன்: உன் சித்தியையே எடுக்கலாம், நான் சொல்லும் முறையில்.

முறை இதுதான். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். அவர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். கேமராவில் வினாடிக்கு இருபத்தைந்து படத்துக்குப் பதில் ஐம்பது வைப்பேன். பிறகு எடிட்டிங் மேசையில் எல்லாவற்றையும் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும். ஆனால் கை, முடி, விரிப்பு எல்லாம் தண்ணீருக்குள் மிதப்பது போல வரும். பாட்டு வெளியே கேட்கக் கூடாது என்பதால் அவர் காதில் ஒரு சின்ன இயர்போன். பாட்டும் இயர்போனும் உன் பொறுப்பு, கேமரா என் பொறுப்பு. ஒருவர் பொருளை மற்றவர் தொடக் கூடாது. ட்ரைபாட் பாடம் போதும்.

இதுகூடப் புரியவில்லை என்றால் படம் வரைந்து அனுப்புகிறேன்.

நாலுவிரல்


பிப்ரவரி 12

இறங்கி வந்த மகானுக்கு,

எல்லோரும் ஆட்டம் போடும் வீடியோக்களில் செய்கிற வித்தையை நீயே கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். போன பருவத்தில் மேடம் அதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் விழித்திருந்தேன். நீ கட்டம் கட்டிக்கொண்டிருந்தாய்.

வேண்டாம் என்கிறேன். சித்திக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு மடங்கு வேகத்தில் அவளால் வாயசைக்க முடியாது. அவள் வேகம் அந்த உருளையின் வேகம், அதிலேயே எடு. கேமராவை எப்போதும் போல இருபத்தைந்தில் வை. விரிப்பு மிதக்காவிட்டால் உலகம் ஒன்றும் மூழ்கிவிடாது. சலவைக்கூடத்தில் சலவைதான் நடக்கும். அதை அழகாக்கிக் காட்டினால்தான் பார்க்க முடியும் என்றால் கோளாறு உன் கண்ணில் இருக்கிறது.

நீ கொடுத்த காட்சிப் பட்டியலையும் இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். உன் பட்டியலில் பதினான்கு காட்சி. அதில் ஒன்பதில் அவள் முகம் விரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்றில் வெறும் நிழல். இரண்டில் கை மட்டும். என்னைப் பச்சைக் குழந்தை என்று நினைத்தாயா? முகம் வர வேண்டும் என்றால் முகத்தை மூடி எடுக்கலாம் என்று அர்த்தமா?

ஞாயிறு பதினெட்டாம் தேதி பத்து மணி. அந்த ஒரு நாள்தான். இருபத்தொன்றுக்குப் பிறகு சித்தியால் வர முடியாது, எப்போது வர முடியும் என்றும் தெரியாது.

உஷ்


பிப்ரவரி 16

உஷ் அவர்களுக்கு,

நாலு நாள் யோசித்தேன். உன் ரசனையோடு போராடுவதற்குச் சுவரோடு போராடலாம். சரி, உன் இஷ்டப்படியே ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை கேமராவை இருபத்தைந்திலேயே வைக்கிறேன். மிதப்பதும் இல்லை, பறப்பதும் இல்லை. சலவை நிலையத்துக்கு விளம்பரம் மாதிரிதான் வரும், அப்போது என்னிடம் வந்து அழாதே. முகத்தை மறைக்கும் காட்சிகளையும் எடுத்துவிட்டேன். நான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று மாலையே மொட்டைமாடியில் அத்தை மகளையும் எடுத்து வைக்கப்போகிறேன். உன் சித்தி சொதப்பினால் கைவசம் ஏதாவது வேண்டும்.

துறை அலுவலகம் மூடும் நேரம், அங்கே உன் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

நாலுவிரல்


பிப்ரவரி 16

நாலுவிரலுக்கு,

இதை எழுதுவதற்குப் பதில் விரலை வெட்டிக்கொள்ளலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைச் சித்தி முழுக்கக் கேட்டாள். "தம்பி சொல்றதுல ஒரு அழகு இருக்குடி. நான் வாயசைச்சுப் பாக்குறேனே" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். திங்கள் மாலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று வேகப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டே இருக்கிறாள். இப்போது ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஆகவே உன் முறைப்படியே செய்வோம். பாட்டு இரண்டு மடங்கு, கேமரா ஐம்பது. இது சித்திக்காக. உன் மூளையை மெச்சி அல்ல.

நீ கிளம்பிவிட்டாய் என்று சொன்னார்கள். அலுவலகமும் பூட்டியாயிற்று, உன் பெட்டியில் போடும்படி உதவியாளரிடம் கொடுக்கிறேன்.

உஷ்


பிப்ரவரி 19, காலை

உஷ் அவர்களுக்கு,

நேற்று எடுத்ததை இன்று எடிட்டிங் அறையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறாது. மொத்தம் பதினொரு டேக், பதினொன்றும் குப்பை.

உன் சித்தி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வாயசைத்திருக்கிறார். நாற்பது வினாடி வர வேண்டிய சரணத்தை இருபது வினாடியில் முடித்துவிட்டுத் திருதிருவென்று நிற்கிறார். தான் பாடிய பாட்டுக்குத் தானே வாயசைக்கத் தெரியாத ஒருவரை நான் பார்த்ததில்லை. அங்கேயே குறிப்பேட்டில் 'அவசரம்', 'மறுபடி அவசரம்', 'தேறவில்லை' என்று எழுதிக்கொண்டே இருந்தேன், நீயும் பார்த்தாய். விரிப்பை மட்டும் நன்றாக உதறினார், அது பழக்கதோஷம்.

இதற்குத்தான் முதல் நாளே சொன்னேன். அத்தை மகளை மாலையில் எடுத்தேன். நாற்பது குடை இல்லை, நாலு. காற்றில் ஒன்று பறந்து அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இருந்தாலும் உதடு பொருந்துகிறது, கழுத்து இருக்கிறது, படம் இருக்கிறது. அனுமதிப் படிவத்தில் உன் நிபந்தனையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இருபத்தெட்டாம் தேதி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் தேர்ச்சி இல்லை.

அதே நாள், பதினொன்றரை மணி

மேலே இருப்பதை எழுதி முடித்துவிட்டு உன் பெட்டியில் போட வந்தேன். என் பெட்டியில் உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் கிடந்தது. உன் பெட்டியில் என்னுடையது, பிரிக்காமல்.

நீ இரண்டு மடங்கு ஓடவிட்டிருக்கிறாய். நான் கேமராவில் இருபத்தைந்து வைத்திருக்கிறேன்.

மேலே எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை, கோப்பில் இருக்கட்டும். டேக் மூன்றில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு வேகம் எப்படி வரும் என்று. உன்னைக் கேட்டால் நான் முதலில் வாயைத் திறந்ததாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

நாலுவிரல்


பிப்ரவரி 20

உனக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் நேற்று ஒன்றாகப் படித்தேன். கேமராவில் எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்கும் வாய் வரை வந்தது. இவனிடம் போய்க் கேட்பதா என்று விழுங்கிவிட்டேன். அது என் கணக்கில். மற்றதெல்லாம் உன் கணக்கில்.

இனி மறைக்க ஒன்றுமில்லை, மேடமும் படிக்கட்டும். சித்தியின் கழுத்தில் ஒரு கட்டி. நாளை காலை அறுவை. கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது. "பேச்சு வந்துடும். பாட்டு பத்தி மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாதும்மா" என்று மருத்துவர் சொன்னார். அதனால்தான் இந்த மாதமே, அதனால்தான் அந்த ஞாயிறு. அந்தக் கட்டியோடு, அந்த மூச்சோடு ஆறு நாள் கண்ணாடி முன்னால் நின்றாள். நீ சொன்னதில் அழகு இருக்கிறதாம். நீ குறிப்பேட்டில் 'தேறவில்லை' என்று எழுதியது நிஜம்தான், நானும் பார்த்தேன். அவளும் பார்த்தாள். திரும்பி வரும்போது பேருந்தில், "நான் சரியாச் செய்யலியோ?" என்று கேட்டாள். 

நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று பீற்றிக்கொள்வாய். எதிரே இருபதடி தூரத்தில் ஒருத்தி மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். அதில் உனக்குத் தெரிந்தது 'அவசரம்'. உன்னை நான் மட்டமான ரசனைக்காரன் என்று நினைத்திருந்தேன். தப்பு, உனக்குப் பார்க்கவே தெரியாது.

கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் குரல் உன் அத்தை மகளின் கழுத்தில் இருந்து வருவதைவிட நான் தோற்றுப்போகிறேன். அடுத்த வருடம் இதே வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். நீயும் உட்கார்.

உஷ்


பிப்ரவரி 23

உஷ்ஷுக்கு,

அறுவை முடிந்ததா என்று மேடத்திடம் கேட்டேன். முடிந்தது என்றார், மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பரிதாபப்பட்டு எழுதவில்லை. நீ சொன்ன மாதிரி என் பரிதாபம் மோசமாகத்தான் இருக்கும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை பத்து முதல் ஒன்று வரை எடிட்டிங் அறையில் இருந்தேன். இருபத்தைந்தில் எடுத்ததை அப்படியே பாதி வேகத்துக்கு இறக்கிப் பார்த்தேன். இப்படிச் செய்யக் கூடாது என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு படமும் இரண்டு தடவை நிற்கும், எல்லாம் வெட்டி வெட்டி நகரும். நகர்ந்தது. விரிப்பு மிதக்கவில்லை, விக்கி விக்கி விழுந்தது. மட்டமான வேலை. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, கம்ப்யூட்டர் தொங்கிடுச்சா?" என்றான்.

ஆனால் உதடு பொருந்துகிறது. ஒரு எழுத்து பிசகவில்லை. 'யாரு மூச்சு கெடக்குதோ' என்ற இடத்தில் அந்த 'தோ' நீளுகிற வரை அவர் வாய் மூடாமல் நிற்கிறது. ஒவ்வொரு படமும் நின்று நின்று போவதால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அந்த முகம் என்ன செய்கிறது என்று பார்க்க முடிகிறது. நான் மிதக்கவிட்டிருந்தால் அதெல்லாம் கரைந்து போயிருக்கும். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. என் முறையும் தோற்றது, உன் முறையும் தோற்றது. உன் சித்தி செய்தது மட்டும் சரியாக இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் நான் உடனே கேமராவை நிறுத்தவில்லை, சில வினாடி ஓடவிட்டிருக்கிறேன். பாட்டு முடிந்ததும் சித்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அன்றைக்கு விரிப்பு பறக்க இரண்டு மின்விசிறி வைத்திருந்தோம், அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை, ஏதோ ஊர்க்கதை என்று விட்டுவிட்டேன். பாதி வேகத்தில் உதடு நின்று நின்று போகும்போது படிக்க முடிகிறது. "சரியா வந்துச்சா, தம்பி?"

பதினொரு டேக்கிலும் இருக்கிறது. பதினொரு தடவையும் அதே கேள்வி. பதினொரு தடவையும் படத்தின் ஓரத்தில் ஒரு விரல் வருகிறது. என் விரல். இன்னொன்று என்று காட்டுகிறேன். ஒரு மணி ஆகியிருக்காவிட்டால் பன்னிரண்டாவதும் எடுத்திருப்பேன். அதைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டிவிட்டு விரிப்பை மறுபடி மடிக்கப் போகிறார். ஒன்பதாவது டேக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். அப்போதும் கேட்கிறார். அப்போதும் விரல்தான்.

மூன்று நாளாக அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

படத்தை முடித்துவிட்டேன். முழுக்கச் சித்திதான். அத்தை மகளின் காட்சி ஒன்றுகூட இல்லை. அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "சலவைக்காரிய வெச்சுக்கிட்டு என் பொண்ணத் தூக்கிட்டியா?" என்று போனை வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு பதினொன்றாவது டேக்கின் கடைசி ஆறு வினாடியை அப்படியே விட்டிருக்கிறேன். கேள்வியும் இருக்கிறது, விரலும் இருக்கிறது. மேடம் மார்க்கைக் குறைப்பார். குறைக்கட்டும்.

பென் டிரைவ் உன் பெட்டியில். உன் கையெழுத்து இல்லாமல் ஒப்படைக்க மாட்டேன். நீ போடாவிட்டால் அடுத்த வருடம் அதே பெஞ்சில் உனக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். அது உனக்குப் பெரிய தண்டனைதான்.

நாலுவிரல்


பிப்ரவரி 26

நாலுவிரலுக்கு,

உன் படத்தைப் பார்த்தேன். தொழில்நுட்பம் என்று பார்த்தால் பூஜ்யம். இரண்டாவது சரணத்தில் வெளிச்சம் ஒரு இடத்தில் குதிக்கிறது. விரிப்பு விழும் இரண்டு இடத்தில் ஒட்டு தெரிகிறது. தலைப்பு எழுத்து திருமணப் பத்திரிகை எழுத்து மாதிரி இருக்கிறது, அதை மட்டும் மாற்று. மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை குற்றம் கண்டுபிடிக்க மறந்துவிட்டேன்.

நிபந்தனையை அடிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவம் இத்துடன் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பேருந்தில் அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நேற்று சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் போட்டுக் காட்டினேன். அதே மருத்துவமனைதான், கட்டிலில் விரித்திருந்தது அவள் மடித்த விரிப்பாகக்கூட இருக்கலாம். கழுத்தில் கட்டு. மூன்று வாரம் பேசக் கூடாது என்று உத்தரவு. குரல் எப்படி இருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். எழுதிக் காட்ட ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறார்கள். பாட்டு முடிகிற வரை அவள் கண் இமைக்கவில்லை. தன் குரலைக் கேட்கும்போது கை தானாகக் கழுத்துக் கட்டுக்குப் போனது, நான் மெல்ல எடுத்துவிட்டேன்.

முடிந்ததும் நோட்டில் எழுதினாள்: 'ரொம்ப மெதுவா இருக்கு. நான் இவ்ளோ மெதுவா பாடலியே.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா என் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு.' பிறகு கடைசி ஆறு வினாடியை மறுபடி போடச் சொன்னாள். அந்த விரலைத் தொட்டுக் காட்டி யார் என்று புருவத்தைத் தூக்கினாள். சொன்னேன். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிக்கவும் கூடாது, தையல் இழுக்கும். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வலியா வேறா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நோட்டை வாங்கி ஒரு வரி எழுதித் தாளைக் கிழித்து உன்னிடம் கொடுக்கச் சொன்னாள். இத்துடன் வைத்திருக்கிறேன். இதைக் கோப்பில் சேர்க்காதே, இதற்கு மார்க் கிடையாது.

'குடைக்காரத் தம்பி, நீ பதிலே சொல்லலியே.'

இதற்கு எனக்குக் கடிதம் எழுதிப் பக்கம் பக்கமாக வருத்தப்பட்டுக்கொண்டிருக்காதே. எனக்குத் தேவையில்லை. மாலை நான்கு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். இரண்டாம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். பேசக் கூடாது என்று மருத்துவர் சொன்னது சித்தியிடம்தான், உன்னிடம் அல்ல. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். விரலை எல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேரில் வா. வந்து, வாயைத் திறந்து சொல்.

உஷ்